விருந்தாளிக்கு வீசா உண்டு, வீட்டுக்கு விலாசம் இல்லை

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும் வெளிநாட்டவர் நிரப்பிக் கொடுக்கும் வருகை அட்டையில், இலங்கையில் தங்கப்போகும் முகவரி எது என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லவில் அறை பதிவு செய்துவிட்டு வருபவருக்கு அது அரை நிமிட வேலை. ஹோட்டலின் பெயர், வீதியின் பெயர், ஊர் எழுதினால் முடிந்தது. நீலகிரியின் கூடலூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ, பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க வருபவருக்கு அந்தக் கட்டத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது. பெரியம்மாவின் வீட்டுக்கு இலக்கமில்லை, வாசலில் போகும் பாதைக்குப் பெயரில்லை. இன்ன தோட்டம், மேற்பிரிவு, கோயிலுக்குப் பக்கத்து லயம் என்பதோடு அந்த வீட்டின் அடையாளம் முடிந்துவிடுகிறது.

இலங்கைப் பயணம் பற்றி வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் எல்லவுக்கு வருபவரை நினைத்தே எழுதப்படுகின்றன. பெரியம்மாவைத் தேடி வருபவருக்கும் வீசா வேண்டும், ரயில் வேண்டும், எந்த மாதத்தில் மலை சரியும் என்று தெரிய வேண்டும். அவரையும் மனதில் வைத்து எழுதத் தொடங்கினால், பயணக் குறிப்பு விலாசமில்லாத வீடுகளின் கதையாகவும் ஆகிவிடுகிறது. ஊவாவுக்கு வருபவர் உறவினராகட்டும் உல்லாசப் பயணியாகட்டும், இரண்டையும் தெரிந்துகொண்டே மலையேற வேண்டும்.

முதலில் காகிதங்கள். கடவுச்சீட்டு குறைந்தது இன்னும் ஆறு மாதங்களுக்காவது செல்லுபடியாக வேண்டும். திரும்பிப் போவதற்கான பயணச்சீட்டும், செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கான ஆதாரமும் கையில் இருக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆபிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் வழியாக வருபவருக்குத் தடுப்பூசிச் சான்றிதழ் அவசியம். இவற்றோடு, 2012 முதல் நடைமுறையில் இருக்கும் இலத்திரனியல் பயண அனுமதியைப் புறப்படுமுன் இணையத்தில் எடுத்துக்கொள்வது நல்லது. சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்ப்பதற்கும் அது முப்பது நாட்களுக்குக் கிடைக்கிறது. தேவைப்பட்டால் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பித்து மொத்தம் ஆறு மாதங்கள் வரை நீடிக்கலாம். இந்த அனுமதியில் வந்து சம்பளத்துக்கு வேலை செய்வது குற்றம்.

கட்டண விஷயத்தில்தான் குழப்பம். இந்தியா, சீனா, ரஷ்யா, மலேசியா, ஜப்பான், இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய ஏழு நாட்டவருக்குக் கட்டணம் இல்லை என்று 2023 ஒக்டோபரில் அமைச்சரவை முடிவெடுத்தது. 2024 ஏப்ரலில் பழைய முறையையே ஒதுக்கிவைத்து, வி.எப்.எஸ். குளோபல் இடம்பெற்ற வெளிநாட்டு நிறுவனக் கூட்டிடம் வீசாப் பணி ஒப்படைக்கப்பட்டது. கட்டணம் ஏறியது, விமான நிலையத்தில் சத்தம் எழுந்தது. எம்.ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றம் போனார்கள். ஓகஸ்ட் 2 ஆம் திகதி இடைக்காலத் தடை வந்தது. அந்தத் தடையைச் செயற்படுத்தாததற்காகக் குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டெம்பரில் விளக்கமறியலுக்கே அனுப்பப்பட்டார். பழைய முறை திரும்பி வந்தது. 2025 ஜூலையில் கட்டண விலக்கு நாற்பது நாடுகளுக்கு விரியும் என்ற அறிவிப்பும் வந்தது.

ஆகவே போன வருடம் வந்துபோன அண்ணன் சொன்ன தொகையை நம்பி யாரும் புறப்படக் கூடாது. பயணத்துக்கு முந்திய வாரம் திணைக்களத்தின் சொந்தத் தளத்தைப் பார்க்க வேண்டும். அரசாங்கத் தளத்தின் முகவரி ஜி.ஓ.வி. புள்ளி எல்.கே. என்று முடியும். அதே தோற்றத்தில் தனியார் தளங்கள் பல இருக்கின்றன. அவை அரசாங்கக் கட்டணத்தோடு தங்கள் கூலியையும் சேர்த்து வாங்கிக்கொள்கின்றன. தேடுபொறியில் முதலில் வருவது அரசாங்கத் தளமாகத்தான் இருக்கும் என்று எண்ணிப் பணம் கட்டியவர்கள் ஏராளம்.

தமிழகத்திலிருந்து வருபவருக்கு வழிகள் கூடியிருக்கின்றன. சென்னை–கொழும்பு விமானங்கள் எப்போதும் உண்டு. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் பறக்கலாம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பல் இருக்காது. வடக்கில் இறங்கிப் பதுளைக்கு வருபவர் இன்னொரு முழு நாளைப் பஸ்ஸுக்கு ஒதுக்க வேண்டும். கடவுச்சீட்டும் ஒரு சிறு பையும் போதும் என்ற அளவுக்கு இந்தக் கடல் இன்று குறுகிவிட்டது.

பெரியம்மாவின் பாட்டன் வந்தபோது நுழைவு விதிகள் வேறாக இருந்தன. கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் அந்தப் பாதையில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. 1823 இலிருந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையகத்தார் நடந்தது அந்தப் பாதையைத் தேடித்தான். பின்னாளில் மண்டபம் முகாம் வந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. தோட்டத்துக்கு ஆள் போகுமுன் அங்கே தடுத்து வைத்து, உடுப்பை அவித்து, அம்மை குத்தி, காய்ச்சல் இல்லை என்று கண்ட பிறகே கடல் கடக்க விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுக்கொரு தகரத் துண்டு கொடுக்கும் முறையும் வந்தது. அந்தத் துண்டில் பொறித்த எழுத்தும் எண்ணும் இவர் எந்த மாவட்டத்துக்கு, எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் என்று சொல்லும். வழியில் யார் கண்டாலும் அந்தத் தோட்டத்துக்கு அனுப்பிவிடலாம்.

கழுத்தில் தொங்கிய அந்தத் துண்டில் ஆளின் பெயர் முக்கியமாக இருக்கவில்லை. தோட்டம்தான் முக்கியம். நூறு ஆண்டுகளுக்குமேல் கடந்தும் மலையகத்தில் கடிதம் அதே முறையில்தான் வருகிறது. உறையில் பெயர் எழுதியிருந்தாலும் அது போய்ச் சேரும் இடம் தோட்ட அலுவலகம். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

1914 இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் வந்தபோது பயணம் சுலபமானது. 1939 ஓகஸ்டில் தோட்ட வேலைக்கு ஆள் போவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன்பிறகு இங்கே பிறந்தவர்களே நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்த குடும்பங்கள் பதுளையில் எத்தனையோ. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலை மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். போனவர்களில் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து பறிக்க அமர்த்தப்பட்டார்கள்.

கூடலூரிலிருந்து இன்று வரும் பேரன் இந்த வரலாற்றின் வழியே வருகிறார். அரசாங்கப் புள்ளிவிபரத்தில் அவர் இந்தியச் சுற்றுலாப் பயணி. 2024 இல் இலங்கைக்கு வந்த 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களில் இந்தியர் 4 இலட்சத்தைத் தாண்டினார்கள். நாடுகளின் பட்டியலில் இந்தியாவுக்கே முதலிடம். அந்த 4 இலட்சத்தில் எத்தனை பேர் லயத்து அறையில் பாயில் படுத்துவிட்டுப் போனார்கள் என்று எவரும் எண்ணவில்லை. எண்ண வேண்டும். ஹோட்டல் அறைகளை மட்டும் எண்ணுகிற சுற்றுலாக் கொள்கையின் கண்ணில் இவர்கள் படமாட்டார்கள்.

இனி வழி. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். பண்டாரவளைக்கு 1894 இல் வந்த பாதை பதுளையைத் தொட முப்பது ஆண்டுகள் எடுத்தது. 1924 இல்தான் முதல் ரயில் பதுளைக்கு வந்தது. இடையில் பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,898 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. நாட்டின் மிக உயரமான நிலையம் அதுதான். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம். தெமோதரையில் பாதை ஒரு வட்டமடித்து, தான் கடந்துவந்த நிலையத்துக்கே அடியில் சுரங்கமாக நுழைந்து வெளியேறுகிறது. பயணிகளில் பெரும்பகுதியினர் எல்லவில் இறங்கிவிடுகிறார்கள். தெமோதரை வளைவையும் ஹாலிஎலவையும் பதுளை நகரையும் பார்க்காமல் போவது பெரிய இழப்பு. முத்தியங்கனை விகாரை, துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, நமுனுகுல மலையின் அடிவாரத் தோட்டங்கள் எல்லாம் கடைசி நிலையத்தில் இறங்குபவருக்குத்தான் கிடைக்கும்.

ஒதுக்கிய இருக்கைகளுக்குப் பதிவு முப்பது நாட்களுக்கு முன்பே திறக்கிறது. திறந்த சில நொடிகளில் எல்ல ரயில் நிறைந்துவிடுவதைப் பற்றிப் பல காலமாக முறைப்பாடு இருந்தது. 2025 தொடக்கத்தில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தபோது, இருக்கைகளை மொத்தமாகப் பதிவுசெய்து வெளிநாட்டவருக்குப் பல மடங்கு விலையில் விற்ற மோசடி வெளியே வந்தது. ரயில்வே ஊழியரும் கைதானார்கள். இடைத்தரகரிடம் வாங்குபவர் அந்த வியாபாரத்துக்கு உயிர் கொடுக்கிறார். அன்றன்று நிலையத்தில் விற்கும் மூன்றாம் வகுப்புச் சீட்டில் ஏறினால் நெரிசல் இருக்கும், கூடவே பண்டாரவளைச் சந்தைக்குப் போகும் சனங்களின் பேச்சும் இருக்கும். ரயில் கதவில் தொங்கிப் படம் எடுக்கும் பழக்கத்தை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும். ஓகியவுக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் இடைப்பட்ட பாதையில் பாறை பெட்டியை உரசும் தூரத்தில் வரும். வெளிநாட்டவர் உயிரே போயிருக்கிறது.

பஸ்ஸில் வருபவருக்குக் கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை, அப்புத்தளை வழியாக 99 ஆம் இலக்கப் பஸ் இருக்கிறது. தெற்குக் கரையிலிருந்து வெல்லவாய வழியாக எல்லவுக்கு ஏறும் பாதை அழகானது, ஆபத்தானதும்கூட. 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு அந்தப் பாதையில் தங்காலை நகர சபை ஊழியர்கள் திரும்பிக்கொண்டிருந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டார்கள். இரவில் அந்த இறக்கத்தில் வாடகை வண்டி அமர்த்துவதைத் தவிர்ப்பது புத்தி.

காலநிலை பற்றிப் பொதுவான வழிகாட்டிகள் ஊவாவுக்குப் பிழையாகவே சொல்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை மலைநாடு முழுவதும் மழை என்று எழுதுகிறார்கள். தென்மேற்குப் பருவமழை நுவரெலியா, ஹற்றன் பக்கத்தைக் கொட்டி நனைக்கும் அந்த மாதங்களில், மத்திய மலைத்தொடரின் கிழக்குச் சரிவிலிருக்கும் பதுளையில் காய்ந்த கச்சான் காற்று வீசும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்றில் இலை வாட்டமெடுத்துக் கிடைக்கும் மணம்தான் உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனி விலை வாங்கித் தருகிறது. ஊவாவைப் பார்க்க ஏற்ற காலமும் அதுவே. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைதான் இங்கே கடும் மழை. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் மட்டும் போதாத காலம் அது.

மீரியபெத்தையை மறந்துவிட்டு ஊவாவின் மழையைப் பற்றிப் பேச முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு மேலே மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மக்கள் போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை. சரிவுக்குப் பிறகு இன்னொரு கொடுமை நடந்தது. எத்தனை பேர் மண்ணுக்குள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நூறு, இருநூறு, முந்நூறு என்று எண்கள் வந்தன. கடைசியில் உத்தியோகபூர்வக் கணக்கு அவற்றைவிட மிகக் குறைவாக அமைந்தது. எந்த அறையில் யார் குடியிருந்தார் என்பதை வீடுவாரியாகச் சொல்லும் முகவரிப் பதிவு ஒன்று இருந்திருந்தால், தேடியவர்களுக்கு அன்று காலையே விடை கிடைத்திருக்கும். தப்பியவர்கள் நீண்ட காலம் ஒரு தேயிலை ஸ்டோரில் கிடந்தார்கள்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் பெயர்ந்தது. ஆகவே இப்போது வருபவர் ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டே சீட்டு எடுக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. சிவப்பு எச்சரிக்கை விழுந்த பிரிவுக்குப் போகக் கூடாது. அங்கே உறவினர் இருந்தால் அவர்களையும் கீழே வரச் சொல்ல வேண்டும்.

எல்லவில் மலையைப் பார்த்தபடி ஒரு அறைக்கு ஓர் இரவு வாடகை, கொழுந்து பறிக்கும் பெண்ணின் பல நாள் கூலிக்குச் சமம். 2024 செப்டெம்பரில் நாட்கூலி 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. 2026 வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அரசாங்கத்தின் வரவுக் கொடுப்பனவாக 200 சேர்த்து 1,750 என்று அறிவித்தது. பயணி ஜன்னல் வழியே பார்க்கும் பச்சை முழுவதும் அந்தக் கூலியில் நிற்கிறது. கவ்வாத்து வெட்டி, களை பிடுங்கி, வாரந்தோறும் கொழுந்து எடுக்காவிட்டால் சில ஆண்டுகளில் அந்தச் சரிவு வெறும் காடு. காட்சிக்குப் பணம் கட்டுகிறவர் காட்சியை உண்டாக்குகிறவருக்கு ஒரு சதமும் கொடுக்காமல் திரும்பும் ஏற்பாடு நியாயமில்லாதது.

அதற்காகக் கண்ட பெண்ணை நிறுத்திப் படம் எடுத்துக் காசு நீட்டுவதும் சரியில்லை. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று எடை வைத்திருக்கிறார்கள். 18 கிலோ, 20 கிலோ என்று அது இடத்துக்கு இடம் மாறும். எடை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், பாதி நாட்கூலிதான். பயணி சிரிக்கச் சொல்லி நிறுத்தும் ஐந்து நிமிடமும் கூடையில் தெரியும். பேச விரும்புபவர் நிறுவை முடிந்து மலையிலிருந்து இறங்கும் நேரத்தில் பேசலாம். லயத்துக்குள் போவதானால் பிரிவின் தலைவரிடமோ கோயில் கமிட்டியிலோ சொல்லிவிட்டு, யாராவது அழைத்துப் போகும்போது போக வேண்டும். லயத்தின் வாசல் அந்த வீட்டின் முன்னறை. அங்கே துணி காயும், குழந்தை குளிக்கும். கேமராவோடு நுழைவதும், மேலே ட்ரோன் பறக்க விடுவதும் அத்துமீறல். ட்ரோனுக்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும்.

செலவழிக்க விரும்புகிற கைக்கு நல்ல வழிகள் உண்டு. லிப்டன் ஆசனத்துக்கு ஏறும் தம்பேதென்ன பாதையில் தோட்டத்துப் பிள்ளைகள் நடத்தும் சிறு கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிடலாம். நடைபயணத்துக்கு அந்தத் தோட்டத்து இளைஞரையே வழிகாட்டியாகக் கேட்டு வாங்கலாம். ஹோட்டல்காரர் கைகாட்டும் வண்டிக்குப் பதிலாகத் தோட்டத்து ஓட்டோவை அமர்த்தலாம். மாசியில் வருபவர் காமன் கூத்துக்கு ஒரு இரவு ஒதுக்கலாம், கோயில் உண்டியலில் போடலாம்.

தோட்டத்துப் பெண் ஒருவர் தன் வீட்டில் இரண்டு பயணிகளைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டுச் சம்பாதிக்க நினைத்தால் என்ன நடக்கும்? சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் விருந்தினர் வீடாகப் பதிய, இடத்துக்கு உரிமைப் பத்திரம் வேண்டும், உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். அவர் இருக்கும் அறை அவருடையதில்லை. நிலம் அரசாங்கத்தின் பெயரில், குத்தகை 1992 இலிருந்து கம்பனியின் பெயரில் இருக்கிறது. உரிமைப் பத்திரம் இல்லை, இலக்கம் இல்லை, ஆகவே பதிவும் இல்லை. எல்லவில் உயர்ந்த நூற்றுக்கணக்கான தங்குமிடங்களில் லயத்துக் குடும்பங்கள் அறை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் போகின்றன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் தமிழர். இந்தச் சுற்றுலாவில் உரிமையாளராக அவர்களுக்கு இருக்கும் பங்கு அந்த விகிதத்துக்கு அருகில்கூட வராது.

விலாசம் சின்ன விஷயம் என்று தோன்றும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தேதி முடிந்து கைக்கு வந்த பிள்ளைகளைக் கேட்டால் அதன் பெறுமதி தெரியும். வங்கிக் கடன், நீதிமன்ற அழைப்பு, பல்கலைக்கழக அனுமதி எல்லாம் தோட்ட அலுவலகத்தின் மேசையைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. சர்வதேச தபால் ஒன்றியம் 2009 முதல் எல்லோருக்கும் ஒரு முகவரி என்று உலகெங்கும் பேசி வருகிறது. முகவரி இல்லாத ஏழைக்கு அரசாங்கமும் வங்கியும் வைத்தியமும் எட்டாது என்பதே அதன் வாதம். 1874 இல் தொடங்கிய அந்த அமைப்பு சொல்வதை மலையகத்துத் தாய்மார்கள் தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள்.

சில வாசல்கள் திறந்திருக்கின்றன. 2025 ஒக்டோபர் 12 ஆம் திகதி பண்டாரவளையில், இந்திய உதவியில் கட்டும் வீடுகளுக்காக இரண்டாயிரம் குடும்பங்களுக்கு உரிமைப் பத்திரம் வழங்கும் விழா ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க முன்னிலையில் நடந்தது. அந்தக் குடும்பங்களுக்கு நிலத்தோடு இலக்கமும் வர வேண்டும். மற்றவர்கள் வீடு கட்டி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. லயத்துக்கு இலக்கம் போட நிலத்தைப் பிரிக்க வேண்டியதில்லை, குத்தகையைத் திருத்த வேண்டியதில்லை. ஒரு கதவுக்கு ஒரு எண், ஒரு பாதைக்கு ஒரு பெயர், மும்மொழியிலும் ஒரு பலகை போதும். தோட்டங்களுக்குள் செலவு செய்யப் பிரதேச சபைகளுக்குச் சட்டத்தில் இடமில்லை என்ற பழைய சாக்கும் 2018 இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டதோடு போய்விட்டது.

அதுவரை உறவைத் தேடி வருபவருக்கு ஒரு நடைமுறை யோசனை. படிவத்தில் உறவினரின் முழுப் பெயர், பிரிவு, தோட்டம், அருகிலுள்ள தபாலகம், பதுளை என்று எழுதி, அவருடைய கைத்தொலைபேசி இலக்கத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். லயத்தின் வாசலில் நின்று கூகுள் வரைபடத்தின் பிளஸ் கோட் எடுத்து அனுப்பச் சொன்னால், இரவில் வரும் ஓட்டோக்காரருக்கும் அவசரத்துக்கு வரும் அம்புலன்ஸ் சாரதிக்கும் அது உதவும். பல நாள் தங்குவதானால் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது வீட்டாருக்குப் பாதுகாப்பு.

பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, எல்ல, அப்புத்தளை, ஹல்துமுல்லை, லுணுகலைப் பிரதேச சபைகளுக்கு 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் உள்ள தோட்டங்களின் லயங்களுக்கு இலக்கமும் பாதைகளுக்குப் பெயரும் இட்டு, அந்தப் பட்டியலைத் தபால் திணைக்களத்திடமும் மண்சரிவு எச்சரிக்கை விடும் நிறுவனத்திடமும் கொடுக்க வேண்டும். கடிதம் வீட்டு வாசலுக்கே வரும்படி தபால் திணைக்களம் தோட்டங்களுக்கு விநியோகத்தை விரிக்க வேண்டும். இதை வாசிக்கும் ஊவாவாசிகள் தங்கள் வட்டார உறுப்பினரைச் சந்தித்து, அடுத்த சபைக் கூட்டத்தில் இந்தப் பிரேரணையைக் கொண்டுவரும்படி எழுத்தில் கேட்க வேண்டும்.